அலோயிஸின் அறையில் கோதுமை பீர்

மலைக்கிராமமான ஷ்டைன்ராய்த்தில் பீர் காய்ச்சுகிறவர்கள் குளிரைத்தான் நம்புவார்கள். ஊருக்கு நடுவில் எல்லோருக்கும் பொதுவாகக் காய்ச்சுகூடம் ஒன்று இருக்கிறது. உரிமையுள்ள வீடுகள் முறைவைத்து அங்கே விறகு எரித்து, முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டின் சாற்றைக் கொதிக்க வைக்கும். ஆறிய சாற்றை டிராக்டரில் ஏற்றி அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய், பாறையில் குடைந்த நிலவறையில் ஈஸ்ட் சேர்த்து விட்டுவிடுவார்கள். எட்டு டிகிரிக் குளிரில், வாரக்கணக்கில், அது சத்தம் காட்டாமல் நொதித்துப் பீராகும். ஆனதும் வாசலில் தகர நட்சத்திரத்தைத் தொங்கவிடுவார்கள். நட்சத்திரம் தொங்குகிற வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், குடிக்கலாம், வீட்டுக்காரரின் பீரை அவர் முகத்துக்கு நேரே குறை சொல்லலாம்.

அந்த ஊரில், நவம்பர் மாதக் கூட்டத்தில், பின்டர் வீட்டு ஹெட்விக் எழுந்து நின்று தன் முறைக்குக் கோதுமை பீர் காய்ச்சப் போவதாகச் சொன்னாள்.

காய்ச்சுகிறவர்களின் தலைவர் இக்னாட்ஸ் தன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"கோதுமையா? அது சூட்டுல நொதிக்கிற சரக்கும்மா."

"தெரியும் தலைவரே. இருபது டிகிரி."

"இருபது டிகிரியில நாங்க குளிப்போம்" என்றான் லோரன்ஸ். காய்ச்சுகூடத்தில் கொப்பரைக்குத் தீ பார்க்கிறவன் அவன். எல்லோரும் சிரித்தார்கள்.

"நீ குளிக்கிறதே இப்பதான்டா எங்களுக்குத் தெரியும்" என்றாள் ஹெட்விக். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். லோரன்ஸும் சிரித்தான்.

இக்னாட்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு ஒரு பயம் இருந்தது, அது பொய்யான பயமும் இல்லை. கோதுமை பீரின் ஈஸ்ட் வேறு இனம். அது குழாயிலோ தொட்டியிலோ ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டுப் பீருக்குள் நுழைந்தால், அந்த வீட்டுக்காரரின் நிலவறையே சில மாதத்துக்கு உதவாமல் போகும்.

"உன் சரக்கு எங்க சரக்கைக் கெடுத்துடும் ஹெட்விக்."

"எப்படிக் கெடுக்கும்? உங்க கொப்பரையில நான் கொதிக்க வைக்கிறதோட சரி. கொதிக்கிற சாத்துல எந்த ஈஸ்ட்டும் பொழைக்காது. எடுத்துட்டுப் போற தொட்டி என்னோடது, குழாய் என்னோடது. ஈஸ்ட் என் வீட்டு வாசலைத் தாண்டி வெளிய வராது."

"உன் புருஷன் அலோயிஸ் இருந்தா இத ஒத்துக்கிட்டிருப்பானா?"

"மாட்டார். அதனாலதான் அவர் இருந்தப்ப கேக்கல. இப்ப கேக்கறேன்."

இக்னாட்ஸ் தீர்ப்பைச் சொன்னார். இந்த ஒரு முறை காய்ச்சலாம். நட்சத்திரம் தொங்கும் அன்று உரிமைக்காரர்கள் எல்லோரும் வந்து குடித்துப் பார்ப்பார்கள். சரியாக வராவிட்டால், ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளன்று அடுத்த ஆண்டுக்கான முறையைச் சீட்டுப் போட்டு எடுக்கும்போது, பின்டர் வீட்டுப் பெயரை அவர் கூப்பிடமாட்டார்.

"சரி. ஆனா ஒண்ணு" என்றாள் ஹெட்விக். "பீர் கெட்டுப்போறது வேற, உங்களுக்குப் பிடிக்காமப் போறது வேற. ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது."

"குடிச்சுப் பாத்தா தெரியப்போகுது" என்றார் இக்னாட்ஸ்.

ஹெட்விக் இந்த ஊர்க்காரி இல்லை. தெற்கே, டான்யூப் ஆற்றுச் சமவெளியில், வீட்டு ஜன்னலைத் திறந்தால் கோதுமை வயல் தெரிகிற ஊரில் பிறந்தவள். அங்கே ஞாயிறு பூசை முடிந்ததும் ஆண்களும் பெண்களும் வெள்ளைத் தொத்திறைச்சியும் கலங்கலான கோதுமை பீருமாக உட்கார்ந்துவிடுவார்கள். நல்ல கோதுமை பீரை மூக்கருகே கொண்டுபோனால் முதலில் வாழைப்பழம் மணக்கும், அதன் பின்னால் கிராம்பு மணக்கும். அதில் வாழைப்பழத்தையும் போடுவதில்லை, கிராம்பையும் போடுவதில்லை. எல்லாம் ஈஸ்ட் செய்கிற வேலை. எவ்வளவு சூட்டில் அதை வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து அது செய்கிற வேலை.

கல்யாணமாகி இங்கே வந்த முதல் வாரத்தில் அலோயிஸிடம் கோதுமை பீர் கேட்டாள். "அது ஜலதோஷம் பிடிச்சவங்க குடிக்கிறது" என்றான் அவன். கெட்டவன் இல்லை. ஆனால் அவன் வீட்டில் அவன் அப்பா காய்ச்சிய பீரைத்தான் அவனும் காய்ச்சினான், அதே எட்டு டிகிரியில். ஹெட்விக் விறகு அடுக்கினாள், பீப்பாய் கழுவினாள், மால்ட் மூட்டை தூக்கினாள். நட்சத்திரம் தொங்கும் நாட்களில் இறைச்சித் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு மேசை ஓடினாள். வந்தவர்கள் "அலோயிஸ், உன் பீர் இந்தத் தடவ பிரமாதம்டா" என்பார்கள். மற்ற நாட்களில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றும் லாரியை ஓட்டினாள். அந்த வட்டாரத்தில் பனியில் அந்த லாரியை ஓட்டத் துணிந்தவர்கள் மிகச் சிலர். அதற்காகவும் யாரும் அவளைப் பெரிதாகப் பாராட்டியதில்லை.

அலோயிஸ் நுரையீரல் நோயில் இறந்துபோனான். காய்ச்சும் உரிமை ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. அதனால் அது அவளிடம் நின்றது. முதல் இரண்டு முறை அவன் காய்ச்சிய மாதிரியே காய்ச்சினாள். வந்தவர்கள் குடித்துவிட்டு, "அலோயிஸோட பீர் மாதிரியே இருக்கு" என்று அவள் தோளைத் தட்டினார்கள். இரண்டாவது முறை அப்படித் தட்டிய கையை அவள் எடுத்து மேசைமேல் வைத்தாள். அன்றைக்குத்தான் முடிவு செய்தாள் என்று இறைச்சிக்கடை கெர்லிண்டெ சொல்வாள். ஹெட்விக்கின் ஒரே தோழி அவள்.

நிலவறை கோதுமை பீருக்கு உதவாது. வீட்டில் சூடு நிலையாக நிற்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். கூடத்தைச் சூடாக்கும் ஓடு பதித்த பெரிய அடுப்பின் முதுகு இருக்கிற பின்னறை. அலோயிஸ் கடைசி மாதங்களில் படுத்திருந்த அறை. ஹெட்விக் கட்டிலைப் பிரித்துக் கொட்டகையில் போட்டாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். மாடுகளை விற்றுவிட்ட பண்ணைக்காரர் ஒருவர் பழைய எஃகுப் பால்தொட்டிகள் இரண்டைக் கொடுத்திருந்தார். பாலைக் குளிர வைக்கும் இயந்திரம் அடியிலேயே பொருத்திய தொட்டிகள். அவற்றை அந்த அறையில் கொண்டுபோய் வைத்தாள்.

பார்க்க வந்த கெர்லிண்டெ வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஊரே பேசுதுடி. புருஷன் செத்த அறையில பீர் காய்ச்சுறாளாம்னு."

"அவர் அந்த அறையில என்ன கேட்டார் தெரியுமா? கடைசி வரைக்கும் பீர்தான் கேட்டார். டாக்டர் குடுக்கக் கூடாதுன்னாரு."

"நீ குடுத்தியா?"

"குடுக்காம?"

கெர்லிண்டெ உள்ளே வந்தாள்.

காய்ச்சும் நாள் ஒழுங்காகப் போனது. ஹெட்விக் பாதிக்கு மேல் கோதுமை மால்ட் சேர்த்தாள். வெந்நீரில் மால்ட் ஊறும்போது, கை பொறுக்கிற சூட்டில் கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்தச் சொன்னாள். கிராம்பு மணம் வர அது வேண்டும். "இங்க யாரும் அப்படி நிறுத்த மாட்டாங்க" என்று லோரன்ஸ் முணுமுணுத்தான், ஆனால் விறகை இழுத்துத் தீயைக் குறைத்தான். ஆறிய சாற்றைத் தன் தொட்டியில், தன் குழாயில் ஏற்றி வந்தாள். பிறந்த ஊரில் சிறிய மதுக்கூடம் நடத்துகிற பெரியப்பா மகன், மூடியிட்ட பால்கேனில் ஈஸ்ட்டைக் கொடுத்திருந்தான். அதை இரண்டு தொட்டிகளிலும் ஊற்றினாள்.

கோதுமை பீர் காய்ச்சுகிறவளுக்கு அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. பதினேழு டிகிரியில் ஆரம்பிக்க வேண்டும். ஈஸ்ட் தின்னத் தொடங்கியதும் அதுவே சூட்டைக் கிளப்பும். அறை எவ்வளவு என்பது முக்கியமில்லை, தொட்டிக்குள் எவ்வளவு என்பதுதான் முக்கியம். அறையில் பதினெட்டு காட்டும்போது தொட்டிக்குள் இருபத்தொன்று இருக்கும். இருபத்திரண்டைத் தாண்டவிட்டால் வாழைப்பழம் அளவு மீறி, நகப்பூச்சை அழிக்கிற திரவத்தின் வாடை வந்துவிடும். பதினைந்துக்குக் கீழே விட்டால் ஈஸ்ட் சோம்பிப் படுத்துக்கொள்ளும். அதனால் ஹெட்விக் கயிற்றில் கட்டிய வெப்பமானியைத் தொட்டிக்குள் தொங்கவிட்டாள். அது ஏற ஏற அடுப்பில் கட்டையைக் குறைத்தாள், ஜன்னலை ஒரு விரல் திறந்தாள். இறங்கினால் சாத்தினாள். குளிரூட்டும் இயந்திரத்தை அவள் தொடவே இல்லை.

இரண்டாம் நாள் நுரை எழும்பியது. ரொட்டி மாவு பொங்குவதுபோல் மஞ்சள் வெள்ளையாய்த் தொட்டியின் விளிம்புக்கு மேலே குன்றாக நின்றது. அறை முழுக்க வாழைப்பழம் மணந்தது. ஹெட்விக் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அந்த நுரையைப் பார்த்தாள். இந்த வீட்டில் அவள் கேட்டு, அவள் செய்து, அவள் பெயரில் நடக்கிற முதல் காரியம் அது.

அடுத்த நாள் கடும் பனி. விடிந்ததும் பால் லாரியை எடுத்துக்கொண்டு போனவள், மலைப்பாதையில் விழுந்த மரத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாள். மரத்தை அறுக்க ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்றார்கள். அடுப்பு அணைந்துவிடுமே என்று அவளுக்குக் கவலை. பக்கத்து வீட்டில் இருக்கும் கொழுந்தன் வென்ஸலுக்குப் போன் செய்தாள். அலோயிஸின் தம்பி, அவனும் பீர் காய்ச்சுகிறவன். அவனிடம் வீட்டுச் சாவி உண்டு.

"அடுப்புல ரெண்டு கட்டை மட்டும் போட்டுட்டு வா வென்ஸல். வேற எதையும் தொடாத."

"சரி அண்ணி, நீங்க பத்திரமா வாங்க."

வென்ஸல் நல்லவன். கேட்டால் மறுக்கத் தெரியாதவன், கேட்காமலும் உதவுகிறவன். இரண்டாவது குணம்தான் ஆபத்து.

மத்தியானம் தாண்டி ஹெட்விக் வீட்டுக்குள் நுழைந்தபோது வீடு சில்லென்று இருந்தது. பின்னறையின் ஜன்னல் அகலத் திறந்து கிடந்தது. தொட்டிகளின் அடியில் குளிரூட்டும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. வெப்பமானி ஒன்பதில் நின்றது. முதல் தொட்டியில் நுரையே இல்லை. குளத்துத் தண்ணீர் மாதிரி பீர் அசையாமல் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே பனிமேல் மஞ்சள் குவியலொன்று கிடந்தது. அவளுடைய ஈஸ்ட்.

இரண்டாவது தொட்டியின் அருகே, கையில் கரண்டியும் வாளியுமாக வென்ஸல் நின்றான். நெற்றியில் வியர்வை.

"நல்லவேள வந்துட்டீங்க அண்ணி. நான் வந்து பாக்கலன்னா எல்லாம் போயிருக்கும். இருபது டிகிரி. இருபது. நுரை வழிஞ்சு தரையெல்லாம். நீங்க இயந்திரத்தப் போட மறந்துட்டீங்க போல. போட்டுட்டேன். ஒரு தொட்டியில அழுக்கு நுரையையும் வாரிக் கொட்டிட்டேன். இத இப்பதான் ஆரம்பிச்சேன்."

ஷ்டைன்ராய்த்தில் எல்லோரும் செய்கிற வேலையைத்தான் அவன் செய்திருந்தான். குளிரில் நொதிக்கும் பீரின் ஈஸ்ட் அடியில் படியும். மேலே மிதப்பது கசப்பு நுரை, அதை வாரிக் கொட்டுவதுதான் முறை. கோதுமை பீரிலோ ஈஸ்ட் மேலே ஏறும். மிதக்கிற அந்த நுரைதான் அதன் உயிர். வென்ஸல் பொறுப்பாக, ஒரு துளி விடாமல், உயிரை வாரிப் பனியில் கொட்டியிருந்தான்.

ஹெட்விக் இயந்திரத்தை நிறுத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். அவன் கையிலிருந்த கரண்டியை வாங்கினாள்.

"வென்ஸல். நான் என்ன சொன்னேன்?"

"ரெண்டு கட்டை போடச் சொன்னீங்க."

"போட்டியா?"

அவன் அடுப்பைப் பார்த்தான். அது அணைந்து கிடந்தது. "இவ்வளவு சூட்டுல எதுக்குக் கட்டைன்னு..." என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அவள் நடந்ததைச் சொன்னாள். சத்தம் போடாமல், ஒவ்வொன்றாக. கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்தது. கடைசியில் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தான்.

"நான் கூட்டத்துல சொல்லிடறேன் அண்ணி. என் தப்புன்னு. இக்னாட்ஸ்கிட்ட இப்பவே போய்ச் சொல்றேன்."

"சொல்லி?"

"உங்களுக்கு இன்னொரு தடவ குடுப்பாங்க."

"ஆமா. பாவம், அனாதையா நிக்கறாளேன்னு குடுப்பாங்க. அது எனக்கு வேணாம். உக்காராத, எந்திரி. அடுப்பப் பத்த வை. பெரிய பானையில தண்ணி கொதிக்கட்டும்."

அன்று பிற்பகல் முழுக்க இருவரும் வேலை செய்தார்கள். கழுவித் துடைத்த பால்கேன்களில் வெந்நீரை நிரப்பி, இறுக மூடி, தொட்டிகளுக்குள் இறக்கினார்கள். ஆறினால் எடுத்து மறுபடி நிரப்பினார்கள். அவசரப்பட்டால் ஈஸ்ட் செத்துவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக. கட்டிலோடு கொட்டகைக்குப் போன இறகு மெத்தைகளைக் கொண்டுவந்து தொட்டிகளைச் சுற்றிக் கட்டினார்கள். இரண்டாவது தொட்டியில் நுரை மிச்சம் இருந்தது. வென்ஸல் அதை அதிகம் தொடவில்லை. அதிலிருந்து கால்வாசியை எடுத்து முதல் தொட்டியில் சேர்த்து, நீண்ட துடுப்பால் அடியிலிருந்து கிளறினாள் ஹெட்விக்.

"எதுக்கு இவ்வளவு கிளறணும்?" என்றான் வென்ஸல்.

"தூங்கறத எழுப்ப. உன்ன பள்ளிக்கூடத்துக்கு எழுப்ப உங்கம்மா என்ன செஞ்சாங்க?"

"தண்ணி ஊத்துனாங்க."

"நீ அதான் செஞ்ச. நான் வேற மாதிரி எழுப்பறேன்."

அவன் அன்று முதல்முறையாகச் சிரித்தான்.

மறுநாள் காலை இரண்டாவது தொட்டி பழையபடி குன்றாக நின்றது. முதல் தொட்டியில் மெல்லிய வெள்ளைப் படலம்தான் இருந்தது. சாயங்காலம் அது தடித்தது. அதற்கு அடுத்த நாள் ஒருவழியாகப் பொங்கியது, ஆனால் சோர்வாக. முகர்ந்து பார்த்தால் கிராம்பு இருந்தது. வாழைப்பழத்தைத் தேடவேண்டி இருந்தது. ஈஸ்ட் நிறைய இருந்து பொங்குகிற வேளையில்தான் அந்த மணம் உண்டாகும். அந்த வேளையில் இந்தத் தொட்டியின் ஈஸ்ட் பனிமேல் கிடந்தது, மிச்சம் இருந்தது குளிரில் நடுங்கிக்கொண்டு கிடந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஹெட்விக் நட்சத்திரத்தைத் தொங்கவிட்டாள். இரண்டு தொட்டிப் பீரையும் தனித்தனிப் பீப்பாய்களில் அடைத்து, இரண்டையும் கூடத்து மேசைமேல் ஏற்றினாள்.

"நல்லத மட்டும் வையேண்டி" என்றாள் கெர்லிண்டெ. பன்றி இறைச்சித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "மத்தது யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். ரெண்டும் நான் காய்ச்சினது."

உரிமைக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். பனி உதறி, கோட்டுகளை மாட்டி, நீண்ட மேசையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். கலங்கலான பீரைப் பார்த்ததும் லோரன்ஸ், "என்ன, வடிகட்ட மறந்துட்டியா?" என்றான். "பல்லு இருக்கில்ல, நீயே வடிகட்டிக்க" என்றாள் ஹெட்விக். இரண்டாவது தொட்டியின் பீப்பாயிலிருந்து முதலில் ஊற்றினாள். அவள் நினைத்தபடி வந்தது. வாய்க்குக் கொண்டுபோவதற்கு முன்னாலேயே மணம் எதிரே வந்தது. அவள் ஒரு வாய் குடித்தாள். அவ்வளவுதான், அவளுக்கு அதற்குமேல் யார் தீர்ப்பும் தேவைப்படவில்லை.

மேசையில் முகங்கள் சுருங்கின.

"பழக்கடைக்குள்ள வந்த மாதிரி இருக்கு" என்றார் ஒருவர்.

"என் பேத்திக்குப் பிடிக்கும்" என்றார் இன்னொருவர்.

இக்னாட்ஸ் அடுத்த பீப்பாயைக் காட்டினார். அதைக் குடித்தார். மறுபடி குடித்தார். புருவம் உயர்ந்தது.

"இது வேற. இதுல அந்த வாழப்பழக் கூத்து இல்ல. கொஞ்சம் கிராம்பு, சுத்தமா, அடக்கமா." கோப்பையை மேசையில் வைத்தார். "இது பீர்மா. ஒத்துக்கறேன்."

மற்றவர்களும் கோப்பையை நீட்டினார்கள். ஆமாம், இது பரவாயில்லை, இது நம்ம பக்கத்துப் பீர் மாதிரி இருக்கு என்று தலைகள் ஆடின. மேசைக்கோடியில் வென்ஸல் தன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவந்திருந்தது.

"அப்ப முடிவு சொல்லிடறேன்" என்றார் இக்னாட்ஸ். "அடுத்த வருஷமும் கோதுமை காய்ச்சிக்கோ. இதே மாதிரி காய்ச்சு. உன் வீட்டுப் பேர நான் கூப்பிடறேன்."

கெர்லிண்டெ மேசைக்கடியில் ஹெட்விக்கின் காலை மிதித்தாள். சரி என்று சொல், அவ்வளவுதான் வேலை, என்று அந்த மிதிக்கு அர்த்தம். ஹெட்விக் காலை இழுத்துக்கொண்டாள்.

"அத மாதிரி காய்ச்ச மாட்டேன் தலைவரே."

"ஏன்?"

"அது தப்பா வந்தது. நடுவுல குளிர் பட்டு பாதி செத்துப் பொழைச்சது. என்னால முடிஞ்சத செஞ்சு காப்பாத்தினேன், அதனால குடிக்கற மாதிரி இருக்கு. சரியா வந்தது முதல்ல குடிச்சீங்களே, அது. அடுத்த வருஷம் ரெண்டு தொட்டியும் அப்படித்தான் இருக்கும்."

"எப்படி குளிர் பட்டுச்சு?"

வென்ஸல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்திருக்கப் போனான். "என் வீட்டுக் குளிர், என் பொறுப்பு" என்றாள் ஹெட்விக், அவனைப் பார்க்காமலே. "அது இங்க கேள்வி இல்ல. பீர் கெட்டுப்போச்சா இல்லையா, அதான் கேள்வி. கூட்டத்துலயே கேட்டேன். கெட்டுப்போச்சா?"

இக்னாட்ஸ் முதல் கோப்பையை மறுபடி எடுத்து முகர்ந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் அவர்.

"கெட்டுப்போகல."

"யாரோட நிலவறைக்காவது என் ஈஸ்ட் வந்துச்சா?"

"வரல. ஆனா இது எங்களுக்குப் பிடிக்கல ஹெட்விக். இந்த ஊரு பீர் இது இல்ல."

"பிடிக்கலன்னா குடிக்காதீங்க. இந்த வருஷம் உங்க பீரு எனக்குப் பிடிக்கல. நான் யாரோட பேரையாவது கூப்பிட வேணாம்னு சொன்னேனா?"

யாரும் சிரிக்கவில்லை. இக்னாட்ஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டு, நன்றி சொல்லி, வெளியேறினார். அவர் பின்னாலேயே பாதிப்பேர் போனார்கள். மீதிப்பேர் இருந்து குடித்தார்கள். இரண்டு பீப்பாயிலிருந்தும்.

மூன்று ராஜாக்கள் திருநாளன்று காய்ச்சுகூடத்தில் கூடினார்கள். ஹெட்விக் போனாள். போகாதே, அவமானப்படுவாய் என்று கெர்லிண்டெ சொன்னாள். "அவமானப்படறதுக்கு நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டுவிட்டு, நல்ல கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

சீட்டு என்பது காகிதமில்லை. மாதமும் வாரமும் சுட்டுப் பொறித்த சிறிய மரத்துண்டுகள். அவற்றை லோரன்ஸ்தான் வெட்டுவான், வீட்டுக்கு ஒன்று. தலைவரின் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கி, வீட்டுப் பெயர் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். எல்லாரும் எடுத்து முடித்ததும் தலைவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொள்வார். வைத்துவிட்டால் எடுத்தது எடுத்ததுதான், பிறகு பேச்சில்லை.

இக்னாட்ஸ் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். வென்ஸலின் வீடு வந்தது, அவன் பிப்ரவரியை எடுத்தான். எல்லா வீடும் வந்து முடிந்தது. பின்டர் வீடு வரவில்லை. இக்னாட்ஸ் தொப்பியைக் கவிழ்க்கப் போனார். உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்டது.

அவர் லோரன்ஸைப் பார்த்தார். "எத்தன துண்டு வெட்டின?"

"வீட்டுக்கு ஒண்ணு. எப்பவும் போல. யாரும் குறைக்கச் சொல்லலையே."

ஹெட்விக் எழுந்தாள். கூடத்தின் கல்தரையில் அவள் பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்டது. தொப்பிக்குள் கையை விட்டுத் துண்டை எடுத்தாள்.

"நான் உன்னக் கூப்பிடலையே" என்றார் இக்னாட்ஸ்.

"கூப்பிடல. ஆனா துண்டு இருக்கு. உரிமை வீட்டுக்குத்தான் தலைவரே, வாசனைக்கு இல்ல. வேணும்னா என் கையிலேருந்து பிடுங்கிக்குங்க."

அவர் கை நீட்டவில்லை. லோரன்ஸ் எட்டிப் பார்த்தான்.

"ஜூலை. நடு வெயில்ல. அத யாரு எடுத்தாலும் அழுதிருப்பாங்க. எடுத்துட்டுப் போகட்டும் விடுங்க."

அங்கங்கே சிரிப்பு எழுந்தது. அப்போது வென்ஸல் எழுந்தான். கூட்டத்தில் பேசியே பழக்கமில்லாதவன்.

"அவங்க துண்டு செல்லாதுன்னா" என்றான், "என்னோடதும் செல்லாது. பிப்ரவரிய வேற யாருக்காவது குடுத்துடுங்க." தன் மரத்துண்டை மேசையில் வைத்தான்.

"உன்ன யாருடா கேட்டா?" என்றாள் ஹெட்விக்.

"யாரும் கேக்கல அண்ணி. நான்தான் கேக்காமயே செய்வேனே."

இக்னாட்ஸ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூடத்தில் அடுப்பு எரியவில்லை, ஜனவரிக் குளிர். அவருடைய வழுக்கைத் தலை சிவந்துபோயிருந்தது. அவர் வென்ஸலைப் பார்த்தார், மேசைமேலிருந்த துண்டைப் பார்த்தார், கடைசியாக ஹெட்விக்கின் மூடிய கையைப் பார்த்தார்.

"ஜூலையில என்ன காய்ச்சப் போற?" என்று கேட்டார்.

"தெரிஞ்சுகிட்டே கேக்கறீங்க."

"சும்மா கேட்டேன்" என்றார் இக்னாட்ஸ். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.